பொட்டு வைத்த ஆயில் மூடி

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மில் முதலாளியிடம் பழைய ஜீப் ஓட்டினேன். இஞ்சினுக்கு ஆயில் ஊற்றும் வாயில் ஒரு மூடி உண்டு. அதில் ஓட்டைகள், உள்ளே கம்பிவலை. இஞ்சின் அது வழியாகத்தான் மூச்சு விடும். வாரம் ஒரு நாள் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து மாட்டுவேன்.

அந்த வருடம் ஜீப் இரண்டு தடவை ரோட்டில் நின்றுவிட்டது.

"மூணாந்தடவ நின்னுச்சுன்னா, சாவிய வச்சுட்டுப் போயிரு" என்றார் முதலாளி.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி சம்சாரம் பானெட்டைத் திறக்கச் சொன்னார். சந்தனத்தை அள்ளி மூடி முழுக்க அப்பினார்.

"அம்மா, அது மூக்கு. அடைக்கக் கூடாது."

"இம்புட்டு உசரத்துல மூக்கா இருக்கும்? இது நெத்திப்பா."

குங்குமமும் வைத்தார். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். அந்த வீட்டு வழக்கம். நான் கை வைக்கவில்லை.

மறுநாள் மதுரை கே.கே. நகரில் ஒரு கிரகப்பிரவேசம். இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. பாதி வழியில் பானெட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம். நிறுத்தித் திறந்தேன். மூடி தெறித்து பேட்டரி மேல் கிடந்தது. இஞ்சின் முழுக்க ஆயில்.

"பொட்டு அழியல, பாத்தீகளா?" என்றார் அம்மா.

"சாவியக் குடு" என்றார் முதலாளி.

கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். அவருக்கு மாட்டு வண்டிதான் ஓட்டத் தெரியும்.

"ஹைன்னு சொல்லிப் பாருங்க" என்றார் அம்மா.

முதலாளி இறங்கி சாவியை நீட்டினார். "பொட்ட வழிச்சுட்டு மூடியப் போடுப்பா."

அம்மா மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தரவில்லை. கடைசியில் முதலாளியின் துண்டை வாங்கி, ஆயில் வாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டினேன். கேனில் இருந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கோரிப்பாளையத்தில் பழைய சாமான் கடை பாய் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தலப்பா கட்டிக்கிட்டு யாரு வீட்டு மாப்ள இது?"

முதலாளி வேறு பக்கம் பார்த்தார். பாய் வேறு மூடி தேடிக் கொடுத்தார்.

சாயங்காலம் சாவியைக் கொண்டுபோய் முதலாளி முன் வைத்தேன்.

"என்னப்பா?"

"மூணாந்தடவ நின்னுருச்சுல்ல."

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"காலைல ஆறு மணிக்கு வந்துரு."

பொட்டு வைத்த மூடி சாமி அறைக்குப் போனது. அடுத்த ஆயுத பூஜைக்கு அதற்கே சந்தனம் அப்பினார்கள். அன்று முழுக்க முதலாளி பானெட் மேலேயே உட்கார்ந்திருந்தார், அம்மா கிட்டே வராதபடி.