என் கடையில் ஊமையான ஹெட்போன்கள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. தெற்கிலிருந்து வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவன், டாலிகஞ்சில் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தமாக எஸ்டிடி பூத் வைத்தேன். தொண்ணூறுகளில் அந்தத் தெருவில் யார் வெளியூருக்குப் பேசினாலும் என் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுதான் பேசினார்கள். பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. இனி நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். நான் கூண்டை உடைத்து எறிந்துவிட்டு, அதே இடத்தில் கம்ப்யூட்டர்களை வரிசையாகப் போட்டேன். இன்டர்நெட் பார்க்க வந்தவர்களைவிடத் துப்பாக்கிச் சண்டை விளையாட வந்தவர்கள்தான் அதிகம்.

அதில் ஐந்து கல்லூரிப் பையன்கள் ஒரு அணி. என் கடைக்குப் பெயர் வந்ததே அவர்களால்தான். கரியாஹாட்டில் ஏசி போட்ட கடை வைத்திருந்த ஒரு வங்காளி பாபுவுக்கு அவர்கள் மேல் கண். துர்கா பூஜைக்கு முன்னால் ஒருநாள் என் கடைக்கே வந்து, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "தாதா, விஜயதசமிக்கு மறுநாள் என் பசங்களைக் கூட்டி வர்றேன். உங்க கடையிலேயே ஆடட்டும். உங்க மெஷின் பாதியில மக்கர் பண்ணினா இந்தப் பசங்க இனிமே என் கடைக்கு வரட்டும், சரியா?" என்றார். என் அணித் தலைவன் என்னைப் பார்த்தான். நான், "சரி" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அந்த நாளும் வந்தது. கடையைத் திறந்ததும் என் அணி வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியது. ஒரே அறையில் இரண்டு அணியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று வாய்விட்டுக் கத்தினால் எதிரிக்கும் கேட்டுவிடும். அதனால் ஹெட்போன் மைக்கில் மெதுவாகப் பேசுவார்கள்; தன் அணிக்கு மட்டும் கேட்கும். அது இல்லையென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு சண்டை போடுவதுபோல.

"ஷோனா ஜாச்சே நா, காக்கு!" என்றான் தலைவன். கேட்கவில்லை என்று இந்தச் சித்தப்பாவிடம் முறையிடுகிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, கூட்டாளி பேசுவது மட்டும் கேட்கவில்லை. ஐந்து பேருக்கும் அதே கதை.

பூஜை விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி, வங்கியில் ஆபீசர், பக்கத்தில் நின்றிருந்தான்.

"அத்தான், இது சாஃப்ட்வேர் கோளாறு. எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்பப் போடணும். எஞ்சினியரைக் கூப்பிடுங்க."

"பூஜை லீவுல எந்த எஞ்சினியர்டா மாப்ள வருவான்? நான்தான் எஞ்சினியர். தள்ளு."

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, நிறம் தெரியும். பச்சைத் துளை கேட்பதற்கு, ரோஜா நிறத் துளை பேசுவதற்கு. மேஜைக்கு அடியில் புகுந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் செருகியிருந்தது. திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் திறந்து, மைக்கை வாயடைக்கும் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை. கடைசியில் பெட்டி பிரிக்காமல் கிடந்த ஒரு புது ஹெட்போனை எடுத்துச் செருகினேன். தலைவன் "ஹலோ" என்றான். மற்ற நாலு பேரும் துள்ளிக் குதித்தார்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. ஆனால் எல்லா ஹெட்போனும் ஒரே நாளில் எப்படிச் சாகும்?

அந்த நேரம் பார்த்துக் கரியாஹாட் பாபு வந்து சேர்ந்தார். அவருடைய பையன்கள் ஹெட்போன்களைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

"என்ன தாதா, உங்க பசங்க மௌன விரதமா? எங்க கடையில நிறைய இருக்கு, கொண்டு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். உட்கார்ந்து சாயா குடிங்க" என்றேன்.

ஒரு பழைய ஹெட்போனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மைக்கின் நுனியில் கறுப்புப் பஞ்சுத் தொப்பி ஒன்று உண்டு. அது கல்லாக இறுகியிருந்தது. மேலே சந்தனம், நடுவில் குங்குமம். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு என் மனைவி வைத்தது. எங்கள் வீட்டில் பொட்டை ஆயுதம் வேலை செய்கிற இடத்தில்தான் வைப்போம். அரிவாளுக்கு அலகில், தராசுக்கு முள்ளில். பேசுகிற சாமானுக்கு வாயில் வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி முடியும்வரை தொடவும் மாட்டோம். சந்தனம் நிதானமாக ஊறி, காய்ந்து, துளையை அடைத்துவிட்டது.

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சாமி கும்பிட்டே ஊமையாக்கிட்டாளே எங்க அக்கா! இந்தக் காலத்துல மெஷினுக்கெல்லாம் பொட்டு எதுக்கு அத்தான்?"

"எனக்குச் சோறு போடுற மெஷினுக்கு நான் பொட்டும் வைப்பேன், மாலையும் போடுவேன். உனக்குச் சோறு போடுறது உன் பேனா. அதுக்கு ஒரு கும்பிடு போட்டியாடா நீ?"

அவன் அடுத்த ஹெட்போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

பஞ்சுத் தொப்பிகளைப் பிடுங்கி எறிந்தேன். துளைகளில் ஒட்டியிருந்ததை ஊக்கு முனையால் சுரண்டினேன். இப்போது குரல் வந்தது, ஆனால் மூச்சு விட்டாலே புயல் அடிப்பதுபோல இரைந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள், நடந்ததைக் கேட்டாள், துளியும் அசரவில்லை.

"ஏங்க, மூச்சுதானே இரையுது? வாயைப் பொத்துனா சரியாப்போச்சு" என்று என் பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு மைக்குக்கும் துணி சுற்றி நூலால் கட்டினாள்.

பாபு எட்டிப் பார்த்தார். "இது கேமிங் கடையா, ஆஸ்பத்திரியா?"

"உங்க பசங்களுக்கும் கட்டு தேவைப்படும். கொஞ்சம் பொறுங்க" என்றேன். என் அணி கைதட்டியது.

ஆட்டம் தொடங்கியது. வேட்டித் துணி வழியாக என் பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒரு சொல்லும் எதிர்ப்பக்கம் போகவில்லை. கடைசிச் சுற்றுவரை இழுத்தது. அந்தச் சுற்றில் தோற்றோம். மறைக்க என்ன இருக்கிறது?

பாபு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, என் தலைவனின் தோளைத் தொட்டார். "நாளைக்கு என் கடைக்கு வந்துடு. ஏசி இருக்கு, நல்ல ஹெட்போன் இருக்கு. இப்படிக் கந்தல் கட்டிக்கிட்டு ஆட வேண்டாம்."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "மெஷின் நின்னா வர்றதாத்தானே பேச்சு? எதுவும் நிக்கலையே. எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. இந்தக் கழுதைகிட்ட வலது பக்கம் பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவன் இடது பக்கம் பார்த்தான்" என்று பக்கத்தில் இருந்தவன் மண்டையில் தட்டினான். பிறகு பாபுவிடமே, "அடுத்த வாரம் திரும்ப வாங்க. இங்கேயே ஆடுவோம்" என்றான்.

பாபு என்னைப் பார்த்தார். நான் கடையின் ஷட்டரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, அவர் தலை இடிக்காமல் வெளியே போக வழி விட்டேன்.