பந்திங்கில் போட்ட கையெழுத்து

சீதாலெட்சுமிக்குக் கல்யாணம் எப்போது நடந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, தை மாதம், பிப்ரவரி பத்து, ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் கோவிலில், ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில். அன்றைக்கு சாம்பாரில் உப்பு கூடிப்போனதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்தத் தேதியை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் வந்த வினையே.

போன ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணவர் தம்புசாமி போய்ச் சேர்ந்துவிட்டார். லோரி ஓட்டிய மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். பிள்ளை குட்டி கிடையாது. கையுறை பேக்டரியில் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்து முழங்கால் தேய்ந்துபோன சீதாலெட்சுமிக்கு மிச்சம் இருந்தது கிள்ளானில் கீழ்த்தளத்து வாடகை பிளாட் ஒன்றுதான். சுவரில் அவர் அடித்த ஆணி, சமையலறையில் அவர் போட்ட பலகை என்று வீடு முழுக்க அவர் கைபட்டதுதான்.

காரியம் முடிந்து ஒரு மாதத்தில் பிளாட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வீடு தம்புசாமி பேரில் இருக்கிறது. மனைவி பேருக்கு மாற்ற வேண்டுமானால் மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வீடு வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

சான்றிதழுக்கு எங்கே போவாள்? இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வந்த வெள்ளம் ஜன்னல்வரை ஏறியபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அத்தனை காகிதமும் கல்யாண ஆல்பத்தோடு சேர்ந்து கூழாகிவிட்டது. "போய் மறுபடி எடுத்துக்கலாம் புள்ள, எங்க ஓடிப்போகுது," என்றார் தம்புசாமி. எடுத்தாரா? இந்த ஆம்பிளைகளின் "எடுத்துக்கலாம்" எல்லாம் எந்தக் காலத்தில் நடந்தது!

பதிவு இலாகாவுக்குப் போனாள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் பொறுமைசாலி. "மாக்சிக்" என்று சொந்த அத்தையைப் போல வாய் நிறைய அழைத்து உட்காரவைத்தாள். பழைய பதிவு, பழைய ஐசி அடையாள அட்டை நம்பரில் இருக்கும், ஊரும் தேதியும் சொன்னால் தேடலாம் என்றாள். சீதாலெட்சுமி மடமடவென்று ஒப்பித்தாள். கிள்ளான். பிப்ரவரி பத்து. தொண்ணூற்றொன்று.

இரண்டு வாரம் கழித்துப் போனால், இல்லை என்றாள் அந்தப் பெண். முன்னும் பின்னும் இரண்டு மாதம் தள்ளியும் பார்த்தாளாம். இல்லவே இல்லை. சீதாலெட்சுமியைவிட அவள் முகம்தான் அதிகம் வாடியிருந்தது.

கோவிலுக்கு ஓடினாள். செயலாளர் பாவம், தூசி தட்டி ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பேரைக் கண்டுபிடித்து, முத்திரை குத்திக் கடிதமும் கொடுத்தார். பிளாட் ஆபீஸ்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். "ஆன்டி, இது கோவில்ல தாலி கட்டுனதுக்கு. எங்களுக்குக் கவர்மெண்ட்ல ரெஜிஸ்டர் பண்ணுனது வேணும்லா. நீங்க ரெஜிஸ்டரே பண்ணலையோ என்னமோ?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. முப்பத்து மூன்று வருஷம் அந்த மனிதருக்குச் சோறு போட்டு, கடைசி எட்டு மாதம் பெட்பேன் கழுவி, அவர் கண்ணை மூடிவிட்டவள் யார்? வீடு போனால்கூட எங்கேயாவது ஒண்டிக்கொள்ளலாம். பெண்டாட்டி இல்லை என்று ஆகிவிடுமோ என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போது, கோவில் செயலாளரே ஒரு வழி சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் லோகேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள், போட்டோஸ்டாட் கடை, வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தவள், இந்த மாதிரி விஷயம் அத்துப்படி. சீதாலெட்சுமி கிள்ளானில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சேலைக் கடைகளைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே அடங்கியிருந்த அந்தக் கடையைக் கண்டுபிடித்தாள்.

லோகேஸ்வரிக்கு ஐம்பது வயதிருக்கும். வாய் சும்மா இருக்காது. ஒரு பக்கம் மெஷினில் காகிதம் நுழைத்துக்கொண்டே மறு பக்கம் கதையைக் கேட்டாள். கோவில் கடிதத்தைப் பார்த்தாள்.

"சரிக்கா, கோவில்ல தாலி கட்டுனீங்க. கையெழுத்து எப்ப போட்டீங்க?"

"எந்தக் கையெழுத்து?"

"ஆபீஸ்ல. ஆபீசர் முன்னுக்கு நின்னு, ரெண்டு சாட்சியோட."

"அதுவா? அது வீட்டுக்கு மனு போடுறதுக்கும்மா. பிளாட் போரத்தோட அந்தக் கடுதாசி வெக்கணும்னாங்க. அதான் கல்யாணத்துக்கு முன்னாடியே போயிப் போட்டுட்டு வந்தோம்."

லோகேஸ்வரி மெஷினை நிறுத்தினாள்.

"அட கடவுளே! அக்கா, அதுதான் கல்யாணம்!"

"என்னாம்மா நீ! அரை நாள் லீவு போட்டுட்டு பேக்டரி உடுப்போட போனேன். பூ வெக்கல, பொட்டு வெக்கல. முடிச்சிட்டு மீ கோரெங் சாப்பிட்டு பஸ் ஏறிட்டேன். அது எப்படிக் கல்யாணம்?"

"கவர்மெண்ட்டுக்கு அதான்க்கா கல்யாணம். பூவையும் பொட்டையும் அவங்க எழுதிக்கிறதில்ல. எங்க போட்டீங்க?"

"பந்திங்ல. அவரு அப்ப அங்கதான் லோரி ஓட்டிக்கிட்டு இருந்தாரு."

"இத்தன நாளா கிள்ளான்ல தேடச் சொல்லியிருக்கீங்க!" லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "நீங்க மட்டும் இல்லக்கா. நம்ம ஆளுங்க பாதிப் பேரு இப்படித்தான். தாலி ஏறுன நாளத்தான் சொல்வாங்க. எந்த மாசம்?"

சீதாலெட்சுமி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். அப்பா செத்தது தொண்ணூறு ஏப்ரலில். அதற்குச் சில வாரம் முன்னால். மார்ச். அப்பா இறந்த துக்கத்தில் கோவில் கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. லோகேஸ்வரி எல்லாவற்றையும் அழகாக மலாயில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை முகப்பில் அதே பெண். தாளைப் படித்துவிட்டு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். ஒன்பதாம் நாள் அவளே போன் செய்து கூப்பிட்டாள். கிடைத்துவிட்டது மாக்சிக், வாங்க! அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, பாசாரில் கீரைக்கட்டோடு நின்றிருந்த சீதாலெட்சுமி அங்கேயே ஓவென்று அழுதுவிட்டாள்.

சான்றிதழின் நகலை வாங்கியதும் அவள் பிளாட் ஆபீசுக்குப் போகவில்லை. நேரே பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஏறினாள். லோகேஸ்வரிதான் இதை முதலில் பார்க்க வேண்டும். ரயிலில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். தம்புசாமி என்ற பேரை விரலால் தடவினாள். அதற்குக் கீழே தேதி. பதினான்கு மார்ச் தொண்ணூறு.

அப்பா சின்னையா இறந்தது ஏப்ரல் மூன்று.

ரயில் ஷா ஆலாமைத் தாண்டும்போது அது அவளுக்கு உறைத்தது.

அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. சாவுச் சேதி கேட்டு பந்திங்கிலிருந்து லோரியோடு ஓடிவந்த தம்புசாமி, சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாடைக்குத் தோள்கொடுக்க முன்னால் வந்தார். பெரியப்பா கையை நீட்டி மறித்தார். "தாலி கட்டுன பெறகுதான் மாப்பிள்ளை. இப்ப தள்ளி நில்லு தம்பி." வாசலில் நின்ற சீதாலெட்சுமி அதைக் கேட்டாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

அவரும் திறக்கவில்லை. பிண வண்டி வராமல் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, போய்த் தன் லோரியைக் கழுவி, பாய் விரித்து, அப்பாவைச் சுடுகாடுவரை மெதுவாக, ஒரு குழியில்கூடக் குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனார். அங்கேயும் உள்ளே வராமல் லோரிப் பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்கு மனுப் போடுவதற்காக இந்தக் காகிதம் அன்றைக்கு அவரிடம்தான் இருந்தது. காட்டியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு வாழ்ந்த காலத்தில் ஒரு சண்டையில்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை அந்த மனிதர்.

லோகேஸ்வரியின் கடைக்கு வந்து சேர்ந்தபோது சீதாலெட்சுமியின் கண் சிவந்திருந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா," என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வீட்ட மட்டுமா காப்பாத்திக் குடுத்த? முப்பத்து மூணு வருஷம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அவரோட எனக்கு முப்பத்து நாலு வருஷம்மா."

"சரி சரி, அழாதீங்க, பேப்பர் நனைஞ்சிரும். மறுபடி வெள்ளம் வந்த மாதிரி ஆயிரும்," என்றாள் லோகேஸ்வரி. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எத்தன காப்பி?"

"மூணு."

ஒரு நகல் பிளாட் ஆபீசுக்குப் போனது. இரண்டு வாரத்தில் வீடு அவள் பேருக்கு மாறியது. முகப்புப் பெண்ணுக்கு ஒரு டப்பா முறுக்கும் போனது. இன்னொரு நகலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, எந்த வெள்ளத்துக்கும் எட்டாமல் அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

மூன்றாவதைச் சாமி மேடைப் பக்கத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துச் சட்டத்தில் செருகினாள். விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

"அப்பா, அன்னிக்கு லோரி ஓட்டுனது உங்க மாப்பிள்ளதாம்ப்பா."