கல்லாப்பெட்டி மேல் எங்கள் ஊர்ப் புளியமரம்

கறிவேப்பிலைக் கன்று வாங்க இன்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு நர்சரிக்குப் போனேன். கல்லாப்பெட்டி மேல், தட்டு மாதிரித் தொட்டியில் ஒரு குட்டிப் புளியமரம். வெளுத்து முறுக்கிய கட்டை, அதை ஒட்டிப் பசேலென்று இலை.

"வெள்ளைக்காரன் காலத்து மரமுங்க. போன்சாய்," என்றார் கடைக்காரர்.

தொட்டியைத் திருப்பினேன். செத்த கட்டையில் பள்ளம் செதுக்கி, அதில் இளங்கன்று ஒன்றைப் பதித்து, ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்.

"கன்னுக்கு ரெண்டு வருசங்கூட இருக்காதுங்களே?"

"கட்டைக்குத்தானுங்க அந்த வயசு. கன்னு பெருக்கப் பெருக்கக் கட்டையோட சேந்துக்கும். ஜப்பான்ல இப்படித்தான் செய்யறாங்க."

சரியான ஏமாற்று என்று திட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் கட்டையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் தெரிந்தது. ரோட்டோர மரங்களுக்கு அடிக்கும் பட்டை.

"இது எங்க கெடச்சுதுங்க?"

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். "ரோட்டை அகலம் பண்ண வெட்டிப் போட்டாங்கல்லங்க, அந்தப் புளியமரத்து அடிக்கட்டை. பெயிண்டு அழகா இருக்குதுன்னு அப்படியே உட்டுட்டேன்."

எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு இருந்த ஒரே நிழல் அது. வெட்டாதீர்கள் என்று மறித்து நின்ற எங்களை, ஒன்றுக்குப் பத்தாக நட்டுத் தருகிறோம் என்று சொல்லித்தான் கலைத்தார்கள். இன்றைக்கும் அங்கே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

கடைக்காரரை என்ன சொல்ல? அவராவது ஒன்று நட்டிருக்கிறார்.

மீதி ஒன்பதும் யார் வீட்டு மேசை மேல் இருக்கிறது? பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.