திருப்புட்குழிக்கு இல்லாத பஸ்

நேற்று மதியம் ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். ஊர், பெயர், வயசு எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு கம்ப்யூட்டருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது, நான் மனுஷன்தானா என்று. கட்டம் கட்டமாகப் படங்களைப் போட்டு, பஸ் இருக்கிற கட்டத்தையெல்லாம் தொடு என்றது. தொட்டேன். நம்பவில்லை. மறுபடியும் கட்டம். இந்தத் தடவை ஒரு கட்டத்தில் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை பஸ் என்று எடுத்துக்கொள்வதா, விடுவதா? "யோவ், டிக்கெட் வாங்கத்தானே வந்திருக்கேன், திருடவா வந்தேன்?" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி, "யார்கிட்ட சண்டை?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, பஸ்ஸை வைத்து என்னைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் இந்தக் கம்ப்யூட்டர் இல்லை.

அது இரண்டாயிரம் பிறந்த புதுசு. காந்தி ரோடில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட வேண்டும். மேலே ஏசிக் குளிர், மல்லிகைப்பூ ரூம் ஸ்ப்ரே. கீழே கடையில் புடவை பிரிக்கிற வாசனை படியேறி வந்து இதோடு கலந்துகொள்ளும். இன்றைக்கும் என் மனைவி முகூர்த்தத்துக்குப் புதுப் புடவையைப் பிரித்தால் எனக்கு மோடம் கத்துகிற சத்தம்தான் காதில் கேட்கிறது. சொன்னால் சிரிப்பாள், அதனால் சொல்வதில்லை. சென்டர் முதலாளியை பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கேபினுக்கெல்லாம் திரை. திரைக்குக் கீழே தெரிகிற காலை வைத்தே எந்தக் கேபினில் யார் என்று பாய் சொல்லிவிடுவார். அவருக்கும் எல்லார் மேலும் சந்தேகம்.

சனிக்கிழமையானால் நாங்கள் மூன்று பேர் அங்கே கூடுவோம். வரதன் சின்ன காஞ்சிபுரம் சன்னிதித் தெரு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கோயிலில் பிரபந்தம் சொல்கிற கோஷ்டியில் தவறாமல் நிற்பவர். தாமு பிள்ளையார்பாளையம், வீட்டில் தெலுங்கு, வாசலிலிருந்து அடுப்படி வரை தறி, ஏனாத்தூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். நான் செவிலிமேடு. சென்னையில் ஒரு கம்பெனியில் வெப் டிசைனர். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. உண்மையில் நாள் பூரா நான் செய்தது, வெப் பக்கத்தில் ஒரு டேபிளுக்குள் இன்னொரு டேபிளைச் சொருகி, அதற்குள் ஒரு படத்தை நேராக நிறுத்தப் போராடுவது. வீட்டில், "பையன் இன்டர்நெட்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஏதோ மிலிட்டரியில் இருக்கிற மாதிரி.

எங்களுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. சுற்றுவட்டாரத்துக் கோயில்கள், தலபுராணம், உற்சவ நாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படிப் போவது, எல்லாம் தமிழில். முதலில் ஃபான்ட்டை இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெருமாள் பெயரே கொக்கி கொக்கியாகத் தெரியும். அமெரிக்காவில் யாரோ இலவசமாகக் கொடுத்த இடத்தில் அதை வைத்திருந்தோம். எழுதுவது வரதன், டேபிள் கட்டுவது நான், படம் ஸ்கேன் பண்ணுவது தாமு. ஆனால் முக்கால்வாசி நேரம் நாங்கள் செய்தது சண்டை. காப்பிரைட் சண்டை.

வரதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் வட்டத்துக்குள் சி போட்டு, "அனைத்து உரிமையும் எமக்கே" என்று எழுதுவான். தாமு சும்மா இருப்பானா? "இன்னாபா இது, தலபுராணம் உனுக்கு எப்போ பட்டா ஆச்சு?"

"புராணம் பொதுடா. எழுதின வார்த்தை என்னோடது" என்பான் வரதன்.

தாமு நெசவு வீட்டுப் பையன், டிசைன் திருட்டைக் கண்ணால் பார்த்தவன், வரதன் பக்கம்தான் பேசுவான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இல்லை. "எங்கப்பா புது பார்டர் போட்டா, வெளியாள் வர்றப்பல்லாம் தறி மேல வேட்டிய போட்டு மூடுவாரு. மூடி இன்னா ஆச்சு? அடுத்த முகூர்த்தத்துக்குள்ள தெரு பூரா அதே பார்டர் ஓடிக்கினு இருக்குது. மூடறதுக்குப் பதிலா அடுத்த பார்டர் யோசிச்சிருந்தா ரெண்டு பொடவை ஜாஸ்தி வந்திருக்கும்" என்பான். பை நிறைய லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேர் சிடி வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுக்கிற ஆள் அவன். நான் யார் பக்கம் என்று கேட்கிறீர்களா? யார் அன்றைக்கு வடை வாங்கித் தந்தார்களோ அவர்கள் பக்கம்.

ஒரு நாள் வரதன் எங்கள் சைட்டில் வலது கிளிக்கை அடைத்துவிட்டான். படத்தின் மேல் எலியின் வலது காதை அமுக்கினால், "திருடாதீர்!" என்று ஒரு பெட்டி குதித்து வரும். தாமு மெனுவில் போய் பக்கத்தின் சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தான். பார்த்தவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். அந்தத் தடையே வேறொரு சைட்டிலிருந்து அப்படியே தூக்கியது. எழுதியவன் பெயரை மட்டும் வரதன் அழித்திருந்தான். "திருடாதேன்னு சொல்றதையே திருடிக்கினு வந்திருக்கான்பா!" பாய்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். வரதனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் தடையை எடுக்கவில்லை.

அவன் பயத்துக்கும் காரணம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சென்னையில் கோயில் டூர் நடத்துகிற ஒரு கம்பெனி எங்கள் பக்கங்களை வரிக்கு வரி எடுத்துத் தன் சைட்டில் போட்டுக்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. வரதன் எழுதி முடித்து இன்னும் வெளியே விடாத இரண்டு பக்கங்கள் அங்கே முதலில் வந்துவிட்டன. எங்களுக்கு முன்னாலேயே! வெளியே விடாததைப் பார்த்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அதில் சென்னையில் வேலை பார்ப்பவன் ஒருத்தன்.

அப்போது எனக்கு இந்தக் கணக்கு உறைக்கவில்லை. வரதன் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தான், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பிலிருந்து வாடா போடா என்று பழகியவன், "உங்க கம்பெனில எந்த மாதிரி சைட்லாம் பண்றேள்?" என்று பன்மையில் கேட்டால் நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? பெருமையாகப் பட்டியல் போட்டுச் சொன்னேன், முட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் சென்னையிலிருந்து வந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். தூண் ஓரமாக ஒரு புருஷன் பெண்டாட்டி. தெற்கத்திப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. அந்தம்மா மடியில் ஒரு துணிப்பை. "திருப்புட்குழி போற அஞ்சே முக்கா பஸ்ஸு எங்கனங்க நிக்கும்?" என்று என்னைக் கேட்டார். கடைக்காரரைக் கேட்டேன், டைம் கீப்பரைக் கேட்டேன். அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது என்றார்கள். வேலூர் பஸ்ஸில் ஏறி ரோட்டிலேயே இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இவர்கள் கண்ணெதிரிலேயே இரண்டு வேலூர் பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு, அந்த அஞ்சே முக்காலுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

திருப்புட்குழிக் கோயில் தாயாரைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுத்தால், விடிந்து பார்க்கும்போது முளைவிட்டிருந்தால் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை. கோயில் சாத்துவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அந்தம்மா என்னை நம்பவில்லை. "எங்க தம்பி கம்ப்யூட்டர்ல பாத்து எழுதிக் குடுத்தான். கம்ப்யூட்டர்ல போட்டது தப்பா இருக்குமாங்க?" என்றார். எந்த சைட் என்று கேட்டேன். அந்த டூர் கம்பெனிதான். அடுத்த வேலூர் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டேன். பஸ் நகர்ந்ததும் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

அந்தச் சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டேன். "அநியாயத்தைக் கேளுங்கடா! நம்மகிட்ட திருடினதுமில்லாம, சொந்தமா வேற சேத்துக்கினு இருக்கான். திருப்புட்குழிக்கு அஞ்சே முக்கா பஸ்ஸாம்! பிள்ளை வரம் கேட்டு வந்த ஒரு பொம்பள அதுக்குக் காத்துக்கினு உக்காந்திருந்தா!"

வரதன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "எந்த பஸ்?"

"திருப்புட்குழி."

"அது உன்னோட காப்பில மட்டும்தான் இருந்தது" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனே மெதுவாகச் சொன்னான். பஸ் நேரம் போட்ட பக்கத்தை இரண்டு காப்பியாகப் போட்டு, சரிபார்க்கச் சொல்லி எங்கள் இருவருக்கும் தனித்தனி வெப் விலாசம் அனுப்பியிருந்தான். தாமுவின் காப்பியில் உத்திரமேரூருக்கு இல்லாத ஒரு பஸ். என்னுடையதில் திருப்புட்குழிக்கு. எந்த பஸ் வெளியே வருகிறதோ அவன்தான் திருடன். உற்சவ நேரத்தை மாற்றியிருக்கலாம், அதுதான் சுலபம். ஆனால் பெருமாள் விஷயத்தில் பொய் எழுதினால் அபச்சாரம், அதனால் பஸ்ஸில் கை வைத்தானாம். பஸ்ஸுக்குத் தோஷம் கிடையாது பாருங்கள். நானும் லட்சணமாகத்தான் சரிபார்த்திருக்கிறேன். டேபிள் கோணாமல் நிற்கிறதா என்று பார்த்தேனே தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவேயில்லை.

"நான் குடுக்கல வரதா" என்றேன்.

"அப்ப பஸ் தானா ஓடி மெட்ராஸ் போச்சா?"

அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. நெருங்கின சினேகிதன் என்று எனக்கு இருந்ததே அவன்தான். "ஒரு பொம்பள அங்க உன் பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருந்தாடா, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல நீ" என்று கத்தினேன். பாய் வந்து, மற்ற கஸ்டமருக்குத் தொந்தரவு என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அதற்கப்புறம் அந்த மாடிக்கு நான் ஏறவேயில்லை.

பத்து நாள் கழித்து தாமு செவிலிமேட்டுக்கே சைக்கிளில் வந்தான். விஷயம் ஒன்றுமேயில்லை. வரதன் வரைவுப் பக்கங்களை வைத்திருந்த ஃபோல்டருக்கு முகப்புப் பக்கம் போட மறந்திருந்தான். ஃபோல்டர் விலாசத்தை மட்டும் அடித்தால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் வரிசையாகத் தெரியும். டூர் கம்பெனி அங்கிருந்துதான் அள்ளியிருக்கிறது. என் காப்பி கடைசியாக ஏற்றியது, அதனால் அதுதான் புதுசு என்று கம்பெனிக்காரன் எடுத்திருக்கிறான். "படத்துக்குப் பூட்டு போட்டான், வாசக்கதவ தொறந்து வச்சிக்கினு" என்றான் தாமு. வரதனிடமும் சொல்லிவிட்டானாம். பார்க்கிறேன் என்றானாம் வரதன். பார்த்தானோ இல்லையோ, என்னிடம் வரவில்லை. நானாகப் போய்க் கேட்க எனக்கு ரோஷம். கொஞ்ச நாளில் அவன் வெளிநாடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

போன வைகாசியில் கருட சேவைக் கூட்டத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். வரதன். தலைமுடி முக்கால்வாசி போய்விட்டது. இரண்டு பேரும் ஒரு காபிக் கடையில் ஒதுங்கினோம். சென்டர் இருந்த மாடியில் இப்போது கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறார்கள் என்றேன். நமக்கு இடம் கொடுத்த அமெரிக்காக்காரன் கடையையே மூடிவிட்டான், நம் சைட்டின் ஒரு வரிகூட எங்கேயும் கிடைக்கவில்லை என்றான் அவன். வாரா வாரம் தொண்டை கிழியச் சண்டை போட்டோமே, அனைத்து உரிமையும் எமக்கே என்று, எந்த உரிமைக்கு?

பிறகு, காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ குடுக்கலன்னு அப்பவே தெரியும்டா. தாமு சொன்ன அன்னிக்கே ஃபோல்டரைத் திறந்து பார்த்துட்டேன்."

"ஏன்டா வந்து சொல்லல?"

"சொன்னா, இல்லாத பஸ்ஸை எழுதினது நான்னு ஊருக்குத் தெரியும். தாயார்கிட்ட வந்தவாளை நடுத்தெருவுல நிறுத்தினேன்னு அப்பா காதுக்குப் போனா?"

அதற்காக என்னை இத்தனை வருஷம் திருடனாக விட்டு வைத்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவ்வளவு கோபம். அதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவா அன்னிக்குக் கோயில் சாத்தறதுக்குள்ள போய்ச் சேர்ந்தாளா?"

"தெரியாது. வேலூர் பஸ்ல ஏத்திவிட்டேன்."

"குழந்தை பொறந்துதா?"

"பேருகூட நான் கேட்டுக்கலடா."

வரதன் கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்தான். அந்தப் பழைய பார்வை. "தெரிஞ்சுண்டே மறைக்கறயோ? நன்னா இல்லேன்னா சொல்லிடு, தாங்கிப்பேன்" என்றான். கடைப்பையன் டம்ளரை எடுத்துக்கொண்டு போனான், வெளியே பெருமாள் குடை நகர்ந்து கூட்டம் கலைந்துவிட்டது. எனக்குத் தெரியாது வரதா, சத்தியமாகத் தெரியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நம்பவில்லை.