வருதா

என் தங்கையின் கணவரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வருதா' என்றால்தான் தெரியும். குழாய் வேலை செய்கிறவர். மொட்டைமாடித் தொட்டியருகே வால்வைத் திறந்துவிட்டு, கீழே குளியலறைக் குழாயடியில் நிற்கும் மனைவிக்கு "வருதா?" என்று குரல் கொடுப்பார். அடுத்த தெருவில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

"வரல."

"இப்ப?"

"காத்துதான் வருது."

"காத்து வந்தா பின்னாடியே தண்ணி வந்துடும். மூடாம நில்லு."

கல்யாணமான புதிதில் இருந்தே அவர்களுக்கு இதுதான் வேலை, இதுதான் பேச்சு. உதவிக்கு வேறு ஆள் வைக்கச் சொன்னால், "வீட்ல போடற சண்டைய அப்புறம் யார்கூட மாடில நின்னு போடறது?" என்பார்.

எனக்குக் குழாய்ச் சாமான் கடை. குழாயை வளைத்து இணைக்கிற எல்போவுக்குக்கூட விலை குறைக்க மாட்டேன் என்று நான் முறைத்தால், "தங்கச்சியையே குடுத்துட்டீங்க, ஒரு எல்போவுக்கு இவ்வளவு யோசிக்கறீங்களே மச்சான்" என்று சிரிப்பார். கோபம் போய்விடும். என் கோபத்தைப் போக்கத் தெரிந்த ஆட்கள் அதிகமில்லை.

ஒருநாள் கடையில் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது, அவர் கழுத்தின் அடியில் ஒரு உருண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"என்ன மாப்ள, என் கடை எல்போ ஒண்ணு தொண்டைல மாட்டிக்கிச்சா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கவனித்தேன், மாடியிலிருந்து வரும் குரல் கரகரத்துப் போயிருந்தது. தங்கை கீழேயிருந்து "என்னங்க, சத்தமா சொல்லுங்க" என்று கத்தத் தொடங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எங்கள் மூன்று பேர் மனதிலும் ஒரே வார்த்தைதான். டாக்டரம்மா மாப்பிள்ளையின் கழுத்தில் ஊசி குத்தி உறிஞ்சினார். சிரிஞ்சில் ஏறியது ரத்தமுமில்லை, சீழுமில்லை. பளிங்கு மாதிரி தண்ணீர். உருண்டை அங்கேயே அமுங்கிப்போனது.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா சொன்னார். "கேன்சர் இல்ல. தைராய்டுக்குப் பின்னால அரிசி அளவுல நாலு சுரப்பி இருக்கு. அதுல ஒண்ணு தண்ணிப் பை மாதிரி ஊதியிருக்கு. ரொம்ப அபூர்வம். ஆனா கெட்ட கட்டி இல்ல."

தங்கை அழுதாள், சந்தோஷத்தில். மாப்பிள்ளை மட்டும் சிரிஞ்சில் பார்த்த தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்தத் தண்ணி எங்கேருந்து கசியுது?"

"அந்தப் பையோட சுவர்லேருந்துதான்."

"ஏன் கசியுது?"

"அது தெரியலங்க. சிலருக்கு அப்படி ஆகுது."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "காரணம் இல்லாம எந்தக் கசிவும் கெடையாது மச்சான். நான் போய் ஒரு வீட்ல, 'அப்படித்தாங்க ஆகும்'னு சொன்னா என்னை விடுவாங்களா?"

பை மறுபடி நிறைந்தது. எடுத்தார்கள். மறுபடியும் நிறைந்தது. இந்த முறை வெளியே பெரிதாகத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்பதைத் தவிர அவள் வேறென்ன செய்ய முடியும்?

பார்க்க வந்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: "கெட்ட கட்டி இல்லையே, அதுவரைக்கும் நிம்மதி." பக்கத்துக் கடைக்காரர் நாலாவது முறை சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு நல்ல கட்டின்னா நீங்க எடுத்துட்டுப் போய் வச்சுக்கங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். குரலுக்குப் போகிற நரம்பு நூல் மாதிரி அந்தப் பையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பையை விட்டுவைத்தால் மூச்சுக்கு ஆபத்து. பிரித்து எடுத்தால் குரல் போனாலும் போகலாம். ஆனமட்டும் பார்க்கிறேன் என்றார்.

"வால்வை மூட வழியில்லாம, தண்ணி ஓடிட்டிருக்கும்போதே குழாயக் கழட்டற வேலை" என்றார் மாப்பிள்ளை, கரகரத்த குரலில். "கஷ்டம்தான். செய்ங்க." காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கடையில் ஆயிரம் சாமான் வைத்திருக்கிறேன். அவருக்கு ஆகிற ஒன்றுகூட அதில் இல்லை.

பை உடையாமல் வந்தது. டாக்டரம்மா முகத்தில் களைப்போடு ஒரு திருப்தி தெரிந்தது. நரம்பை அறுக்கவில்லை, ஆனால் நன்றாக இழுபட்டிருக்கிறது, சில மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அவருக்கு நினைவு திரும்பியதும் தங்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தாள். "வருதாங்க?" என்றாள்.

கேட்ட பிறகுதான் என்ன வார்த்தையைக் கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் உதட்டை அசைத்தார். காற்று வந்தது.

"காத்து வந்தா பின்னாடியே வந்துடும்" என்று அவருடைய வார்த்தையை அவருக்கே சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மாதங்கள் போயின. தினமும் காலையில் கேட்பாள். பயிற்சி சொல்லித்தந்தார்கள், அதையும் செய்தார். வந்தது காற்றுதான். மூச்சு நன்றாக வந்தது, படுத்துத் தூங்கினார், சாப்பிட்டார். பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. கடைசியாகப் போனபோது டாக்டரம்மா, "இனிமே பெருசா எதிர்பார்க்க வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து தங்கை காலையில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். குரலுக்குப் பதில் ஸ்பானர். மேலே குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் 'வருதா' என்று அர்த்தம். தங்கை கீழேயிருந்து பதில் சொல்வாள்.

போன வாரம் ஒரு வீட்டு மாடிக்கு வால்வு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மாட்டி முடித்துத் திறந்துவிட்டார். பழக்கதோஷம், ஸ்பானரை மறந்து, கைப்பிடிச் சுவரில் குனிந்து வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பக்கத்தில் நின்ற எனக்கே காற்றுதான் கேட்டது.

திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நானே கீழே குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வருதா?"

கீழே வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது.

"அண்ணா" என்றாள் கடைசியில். "நீ கேக்காத. அவர் கேக்கட்டும்."

மாப்பிள்ளை குனிந்து ஸ்பானரை எடுத்து, குழாயில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வருதுங்க" என்றாள்.