பாஸ்வேர்ட் தெரிந்தும் திறக்காத ஹார்ட் டிஸ்க்: ஓசூருக்கு ஒரு நாள் பயணம்

இந்த 2009 பிப்ரவரியில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, என் அக்கா கணவர் மாதையனின் வேலையைக் காப்பாற்ற. பூட்டுப் போட்ட ஹார்ட் டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு வெளியூர் கிளம்புகிறவர்கள், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மாமா ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அடித்து பீஸ் எடுக்கிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். டிசம்பரில் அந்த மெஷின் அவர் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. மெஷினுக்கு முன்னால் கை போகாமல் தடுக்க ஒரு கம்பி வலை இருக்க வேண்டும். அந்த வலையை அவரே கழற்றிவிட்டு வேலை பார்த்தார், தப்பு அவருடையது என்று கம்பெனி நோட்டீஸ் கொடுத்தது. கையும் போய், வேலையும் போகிற நிலை.

ஆனால் அதற்கு முந்தைய ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனியில் வீடியோ எடுத்தவன் நான். பூஜை முடிந்ததும் மேனேஜரே கூப்பிட்டு, “முதல் பீஸ் அடிக்கிறதையும் எடுத்துருங்க” என்றார். எடுத்தேன். மெஷின் ஓடுகிறது, மாமா நிற்கிறார், வலை இல்லை. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே இல்லை.

நோட்டீஸ் மேல் விசாரணை நடத்த கம்பெனி வெளியிலிருந்து ஒரு வக்கீலை நியமித்திருந்தது. எடிட் செய்த சி.டி. வேண்டாம், ஒரிஜினல் பதிவையே கொண்டுவா என்று அவர் சொல்லியனுப்பினார். என் பதிவுகள் எல்லாம் பாஸ்வேர்ட் போட்ட ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. நம்மை நம்பி எடுக்கவிட்ட குடும்பங்களின் படங்கள் யார் கைக்கும் போகக் கூடாது என்று வாங்கியது. “எந்தக் கம்ப்யூட்டரிலும் வேலை செய்யும்” என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

காலை ஆறரைக்கு டவுன் பஸ் பிடித்து கிருஷ்ணகிரி. அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பதினெட்டு ரூபாய். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மாமா காத்திருந்தார். ஆட்டோவில் அறுபது ரூபாய் கொடுத்து கம்பெனிக்குப் போனோம். கேட்டில் செக்யூரிட்டி என் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார். வெளியாள் லேப்டாப் உள்ளே போகக் கூடாதாம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விட்டார்.

விசாரணை அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டிஸ்க்கைச் செருகினேன். பாஸ்வேர்ட் கேட்கிற சின்ன புரோகிராம் தெரிந்தது. அதை அழுத்தினால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாமல் ஓட்ட முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே பெட்டி. என் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அதைத் தட்டுகிற இடத்துக்கே அந்தக் கம்ப்யூட்டர் என்னை விடவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த, ஆட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் மேனேஜரிடம் கேட்டேன். “அட்மின் பாஸ்வேர்ட் இங்க யாருகிட்டயும் இல்லீங்க. பெங்களூர்ல இருக்கற ஐ.டி. ஆளுங்கதான் போடணும். மெயில் அனுப்பினா ரெண்டு நாள் ஆகும்” என்றார்.

“ஒரு போன் பண்ணுங்க சார். இருந்த இடத்துலயே போட்டுருவாங்களே.”

“அதெல்லாம் புரொசீஜர் இருக்குங்க.”

மாமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை மேல் இருந்த கம்ப்யூட்டரில் கண்ட புரோகிராமும் ஓடிவிடக் கூடாது என்று இவ்வளவு காவல் போட்டவர்களுக்கு, ஆள் கை வைக்கிற மெஷினுக்கு ஒரு வலை போடத் தோன்றவில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விசாரணையை இன்னைக்கு முடிச்சாகணும். மூணு மணி வரைக்கும் பாக்கறேன். தெறக்கற மாதிரி கொண்டாங்க” என்றார்.

பூட்டை நானே எடுத்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திரும்ப வாங்கி வெளியே வந்து போட்டேன். பழைய பேட்டரி, வழியிலேயே தீர்ந்திருந்தது. சார்ஜர் வீட்டில். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். அங்கேயும் அதே பெட்டி. வைரஸ் வருகிறது என்று ஓனர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் திருப்பதி போயிருந்தார். அடுத்த சென்டரில் வெளி டிஸ்க்கே போடக் கூடாது என்றார்கள்.

மாமாதான் சொன்னார். “பாகலூர் ரோட்டுல ஒரு ஸ்டூடியோ இருக்குது மாப்ளே. பாஸ்போர்ட் போட்டோ அங்கதான் எடுத்தேன்.”

ஸ்டூடியோக்காரர் போனில் தெலுங்கிலும், வந்திருந்த கஸ்டமரிடம் கன்னடத்திலும் பேசிவிட்டு, எங்களிடம் தமிழில் விஷயம் கேட்டார். மாமாவின் கையைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்தார். “உக்காருங்க. இது என் சொந்த சிஸ்டம், எல்லாத்துக்கும் நான்தான் அட்மின்” என்றார். பாஸ்வேர்ட் கேட்டது, தட்டினேன், திறந்தது. வெறுமனே திறந்தால் போதாது. வயரைப் பிடுங்கியதும் மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால் செட்டிங்ஸில் போய் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டேன். பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தேன். சாதாரண டிஸ்க் மாதிரி திறந்தது.

மூன்று மணிக்குள் போய்விட்டோம். விசாரணை அறைக் கம்ப்யூட்டரில் வீடியோ ஓடியது. மாலை போட்ட மெஷின், குங்குமம், முதல் பீஸ். வலை இல்லை. வக்கீல் அந்த இடத்தை இரண்டு தடவை போடச் சொன்னார். வெளியே வரும்போது பர்சனல் மேனேஜர் என் பக்கம் வந்து, “இத வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா? மறுபடி பாஸ்வேர்ட் போட்டு வச்சிக்கங்க” என்றார். நான் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பாஸ்வேர்ட் போட்ட டிஸ்க்கை அடுத்தவர் கம்ப்யூட்டரில் போட வேண்டியிருந்தால், அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கிடைக்குமா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியதை மட்டும் பூட்டில்லாத பென் டிரைவிலும் எடுத்துப் போங்கள். லேப்டாப் சார்ஜரை மறக்காதீர்கள். வாங்கும்போது அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தையும் படியுங்கள். என் பெட்டியில் அட்மினிஸ்ட்ரேட்டர் விஷயம் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். விற்கிறபோது ஒரு எழுத்து, மாட்டிக்கொள்கிறபோது வேறு எழுத்து.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸை வாபஸ் வாங்கினார்கள். மாமாவை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போன ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தார். அந்த பிரஸ்ஸில் இப்போது சாமல்பட்டியிலிருந்து வந்த புது ஆள் நிற்கிறாராம், வலை மாட்டிவிட்டார்களாம்.

“மாட்ட எவ்ளோ நேரம் ஆச்சு மாமா?” என்று கேட்டேன்.

“டீ பிரேக்ல மாட்டிட்டாங்க” என்றார்.