பரமேஸ்வரி அக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள்

பரமேஸ்வரி அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய அண்ணன்தான் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் காலையே எடுக்கிறார்களாம். "மகள் நெதர்லாந்திலிருந்து வரவேணும், இரண்டு நாள் பொறுங்கோ" என்றேன். "எந்த மகள்?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான், அக்காவை அறிந்த எங்கள் அடம்பன் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் நானும் அவரும் பல வருடம் சேர்ந்து வேலை செய்தோம். கணவர் இறந்த பின் பிறந்த பெண்குழந்தை மூன்றாம் நாளே செத்துப்போனது என்று மட்டும் சொல்லியிருந்தார். பிரசவக் காய்ச்சலில் அவர் நினைவின்றிக் கிடந்தபோது அண்ணனே கொண்டுபோய்ப் புதைத்தாராம். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய அன்று, குடியிருக்கக் கட்டிய கொட்டிலுக்குக் கூரைத் தகரம் ஏற்றுமுன் அக்கா கத்தியோடு போய், பிள்ளையைப் புதைத்ததாகச் சொன்ன மண்மேட்டை மூடியிருந்த பற்றையை வெட்டினார்.

கனடாவிலிருந்து வந்த என் தங்கையின் மகள், பரம்பரையை அறிய எச்சில் துப்பி அனுப்பும் டிஎன்ஏ குழாய்கள் இரண்டு கொண்டுவந்தாள். "ஒண்டை எனக்குத் தா பிள்ளை. நாங்கள் எங்கையிருந்து வந்த ஆக்கள் எண்டு பாப்பம்" என்று அக்கா சிரித்தார். இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. நெதர்லாந்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஒருத்தியும் அதே சோதனைக்கு எச்சில் அனுப்பியிருந்தாள். உறவு: மகள்.

அக்கா நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"உன்ர நன்மைக்குத்தான் குடுத்தனான்" என்றார் அவர், கதிரையை விட்டு எழும்பாமல். "புருசன் இல்லாதவள் கைக்குழந்தையோடை என்ன செய்திருப்பாய்?"

"வளத்திருப்பன்" என்றார் அக்கா. "வெறும் மண்ணுக்கு முப்பது வருசம் பூ வைக்க விட்டனீங்களே, அண்ணை."

அவருக்காக ஊர்தான் பதில் சொன்னது. குடும்ப மானம் என்றீர்கள். அந்தக் காலம் அப்படி என்றீர்கள். பிள்ளையைக் கொடுத்தவரைக் கோவிலில் முன்னுக்கு நிறுத்தினீர்கள். பெற்றவரை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமல் விட்டீர்கள்.

மகள் ஒருமுறை வந்து பத்து நாள் நின்றாள். இருவருக்கும் பொதுவாய் ஒரு மொழி இல்லை. அக்கா அவளுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அவள் மறுபடி வந்திறங்கியபோது, சாம்பலையும் கடலில் கரைத்துவிட்டிருந்தார்கள்.

என்மீதும் எனக்குக் கோபம்தான். "பழசைக் கிளறாதையுங்கோ அக்கா" என்று ஒருநாள் நானும் சொன்னேன். அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் கிளறேல்லை. புதைச்ச ஆக்களைக் கேள்."

அக்காவின் அந்தச் சொல்தான் என்னிடம் மிச்சம். அன்று கேட்காததை இனி புதைத்தவர்களின் முகத்துக்கு நேரே கேட்பேன்.